பல்லில்லாத பன்றி

தேவாலா தேயிலை எஸ்டேட்டில் கவாத்து வெட்டும் சுடலைமுத்துவுக்கு வலக்கையில் மூன்றே விரல்கள். மற்றவை அவர் பன்றிக்குக் கட்டிய அவுட்டுக்காய் வெடியோடு போய்விட்டன. பலாச்சுளைக்குள் வெடிமருந்தைப் பொதித்துப் புதரில் வைப்பார். அது பாட்டுக்குக் கிடக்கும். காட்டுப்பன்றி கடித்தால்தான் தாடை சிதறும். ஒரு தரம் கட்டும்போதே வெடித்தது. அழுதுகொண்டே விரலைத் தேடிய மனைவி மருதாம்பாளிடம், “நாய் முந்திக்கிச்சு, உடு” என்றவர் அவர்.

அந்த மனிதரைக் காசநோய் பிடித்தது. டிஸ்பென்சரி நர்ஸ் லோயிஸ் தன் கண்முன்னே வெள்ளையும் சிவப்புமாக மாத்திரைகளை விழுங்க வைத்தார். மூத்திரம் சிவப்பாகப் போனதும் சுடலைமுத்து மிரண்டார். சிவப்பு மாத்திரைதான் ரத்தத்தை இழுக்கிறது என்று, அதை மட்டும் கன்னத்தில் ஒதுக்கி வெளியே வந்து துப்பினார். மாதங்கள் போயின, இருமல் திரும்பியது.

துப்பியதை மருதாம்பாள் பார்த்துச் சொல்லிவிட, லோயிஸ் அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்கே வந்துவிட்டார். சுடலைமுத்து கவாத்துக் கத்தியை உருவினார்.

“கிட்ட வந்தீங்க, கழுத்து போயிரும் சிஸ்டர்!”

மருதாம்பாள் குறுக்கே பாய்ந்தாள். கத்திப்பிடி அவள் நெற்றியைப் பிளந்தது. கத்த வாய் திறந்த சுடலைமுத்துவுக்கு இருமல் வந்து, ரத்தம் கத்தியிலேயே தெறித்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

லோயிஸ் நெற்றிக்குப் பஞ்சை அழுத்தியபடியே பேசினார். “அண்ணே, வெள்ளை மாத்திரை உங்க அவுட்டுக்காய் மாதிரிதான். சும்மா கிடந்தா விஷமில்ல. கிருமிக்குள்ள ஒரு நொதி இருக்கு, பல்லுன்னு வெச்சுக்கங்க. அது கடிச்சாத்தான் மருந்து விஷமாகும். அப்புறம் கிருமிக்கு மெழுகுச் சுவர் கட்ட முடியாது, இடிஞ்சு சாகும்.”

“கடிக்காத பன்னி?” சுடலைமுத்துதான் கேட்டார்.

“பல்லில்லாததும் நாலு இருக்கும். அது பொழைச்சுக் குட்டி போடும். அதுக்குத்தான் சிவப்பு. கிருமி தன்னோட ஜீனைப் பார்த்துப் படியெடுக்குற எந்திரத்துல போய் அடைச்சுக்கும், ஃபேக்டரி ரோலர்ல கல்லு விழுந்தாப்ல. படி இல்லீன்னா கிருமிக்கு ஒண்ணும் ஓடாது. மூத்திரத்துல போறது ரத்தமில்ல, மாத்திரையோட சாயம்.”

“அப்ப பல்லில்லாததை நானே வளத்துட்டேனா?”

சளிச் சோதனை ஆமாம் என்றது. வெள்ளை மாத்திரை இனி அவருக்குப் பலிக்காது. சிவப்போடு வேறு மாத்திரைகளும் இடுப்பில் ஊசிகளும் சேர்ந்தன. ஊசி ஒரு காதின் கேட்கும் சக்தியைத் தின்றது. ஆள் பிழைத்தார்.

அந்த மாதங்களில் அவர் விழுங்கியதும் மருதாம்பாள் வாய்க்குள் விரல் விட்டுக் கன்னத்தைத் துழாவுவாள். ஒரு நாள் நறுக்கென்று கடித்துவிட்டார். நல்ல காதிலேயே பளாரென்று ஓர் அறை விழுந்தது.

“பல்லு இருக்கான்னு பாத்தேன்,” என்றார், கன்னத்தைத் தடவிக்கொண்டு.

“இருக்குதுங்க,” என்று விரலை உதறினாள், தழும்பு நெற்றியோடு. “தொறங்க, அந்தப் பக்கம் பாக்கோணும்.”