நானே பேசிய நான்கு நிமிடங்கள்

எனக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். ஒரு சொல்லை முடிப்பதற்குள் கேட்பவர் அடுத்ததை ஊகித்துச் சொல்லிவிடுவார்.

இன்று எங்கள் பேரூராட்சிக் கூட்டம். மாற்றுத்திறனாளிகளுக்கான நியமன உறுப்பினராக எனக்கு இரண்டாவது கூட்டம். என் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அண்ணனும் வந்திருந்தான்.

நான் வாயைத் திறந்ததும் தலைவர் அண்ணனைப் பார்த்து, "தங்கச்சி என்னங்க சொல்லுது?" என்றார்.

அண்ணன் ஆரம்பித்தான். எதிரே இருந்த கவுன்சிலர், லாரிப் பட்டறை வைத்திருப்பவர், கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏனுங்க, மெம்பரு அவங்கதானுங்களே? அவங்களே சொல்லட்டுங்க. நமக்கென்ன பஸ்ஸா போயிரப்போவுது?"

எல்லோரும் காத்திருந்தார்கள். நான்கு நிமிடம் ஆனது.

எங்கள் ஊர் மாற்றுத்திறனாளிகள் பயிற்சி மையத்துக்குச் சேலத்திலிருந்து பிசியோதெரபிஸ்ட் வாரம் ஒரு நாள்தான் வருகிறார், மூன்று நாள் வர நிதி வேண்டும் என்றேன். அந்த நிதியைச் செலவிடும் குழுவில் எங்களில் இருவர் இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். தீர்மானம் நிறைவேறியது.

வாசலில் அந்தக் கவுன்சிலருக்கு நன்றி சொன்னேன். அதையும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

வழியில் அண்ணன், "நானா இருந்தா அர நிமிசத்துல சொல்லியிருப்பேன்" என்றான்.

"குழுவுல ரெண்டு எடம் கேட்டிருப்பியா?" என்றேன்.

யோசித்தான். "பிசியோவ மட்டுந்தான் கேட்டிருப்பேன்."

நல்ல அண்ணன்தான். உங்களுக்காகப் பேசிவிடும் நல்லவர்கள் உங்கள் வீட்டில் எத்தனை பேர்?