புளி விளையாட்டும் மேல் கேசட்டும்

என் கணவர் எழுதிய கம்ப்யூட்டர் விளையாட்டில் புளி விலை தப்பாக இருந்தது. எல்லா வினையும் அதிலிருந்துதான் தொடங்கியது.

எண்பதுகளில், அரூரில் புளி மண்டி வைத்திருந்த குடும்பத்துக்கு மருமகளாகப் போனேன். கல்யாணம் முடிந்த கையோடு அவர் சவுதிக்குத் திரும்பிவிட்டார். அடுத்த லீவுக்கு வந்தபோது மற்ற வீட்டு மாப்பிள்ளைகள் சென்ட்டும் கம்பளியும் கொண்டுவந்தார்கள். இவர் டி.வி.யில் மாட்டுகிற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றையும், அங்கே கற்றுக்கொண்டு தானே எழுதிய விளையாட்டு ஒன்றை ஒரு கேசட்டில் பதிந்தும் கொண்டுவந்தார். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

விளையாட்டு இதுதான்: சித்தேரி மலையில் புளி வாங்க வேண்டும். பஸ்ஸில் ஏற்றி வந்து அரூர் சந்தையில் விற்க வேண்டும். லாபம் ஒரு அளவைத் தாண்டினால் ஜெயிப்பு. நான் பிஎஸ்ஸி கணக்கு படித்தவள். அவர் சவுதிக்குத் திரும்பிய பிறகு, கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்தை வைத்து நானே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன்.

விளையாட்டுக்கு முதல் அடிமை என் மாமனார். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு, மண்டியில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து வந்து டி.வி. முன்னால் உட்காருவார். அவருக்குத் தமிழ் வாசிக்க வரும், அரபு ஓத வரும், இங்கிலீஷ் எழுத்து தெரியாது. திரையில் வருவதெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழ். நான் வாசித்துச் சொல்வேன், அவர் எவ்வளவு வாங்கலாம் என்று சொல்வார், நான் தட்டுவேன். முதல் நாளே கடுப்பாகிவிட்டார்.

"கொட்ட எடுத்த புளிக்கும் எடுக்காத புளிக்கும் ஒரே வெலயா? இவன் எந்த ஊருல பொறந்தான்?"

நியாயமான கேள்விதான். மண்டிக்காரர் பிள்ளை மண்டிப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர் என்று விளையாட்டே காட்டிக்கொடுத்தது. மழையில் நனைந்த புளிக்கும் அதில் முழு விலை. முடிவில் 'நீ பெரிய முதலாளி' என்று வருவதிலும் மாமாவுக்குத் திருப்தி இல்லை. எழுத்தாக வந்து என்ன பிரயோஜனம், என்ன மிஞ்சியது என்று காட்டட்டும் என்றார்.

கணவருடைய கேசட்டிலேயே திருத்தியிருக்கலாம். மனசு வரவில்லை. சவுதியில் அறைக்குள் தனியாக உட்கார்ந்து எழுதியது, அதில் போய்க் கை வைப்பதா? புத்தகத்தில் வேறு வழி இருந்தது. புரோகிராமில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் உண்டு. முதலில் அவர் கேசட்டை ஏற்றிவிட்டு, மாற்ற வேண்டிய வரிகளை மட்டும் அதே எண்களில் எழுதிய என் கேசட்டைப் பின்னால் ஏற்றினால், என் வரிகள் அவர் வரிகளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். கம்ப்யூட்டரை அணைத்தால் என்னுடையது போய்விடும், அவர் கேசட் அப்படியே இருக்கும். அதற்கு மேல் கேசட் என்று பேர் வைத்தேன். விலைகளை மாற்றினேன். முடிவு வரியில் எழுத்தை எடுத்துவிட்டு, லாபத்தைத் திரை நிறைய எண்ணாகக் காட்டினேன்.

இதில் சௌகரியம் நிறைய. நான் தப்பு செய்தாலும் மூலம் கெடாது. பிடிக்காவிட்டால் ஏற்றாமல் விட்டுவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. கணவர் மனம் நோகாமல் கணவரைத் திருத்துகிற வசதி எந்த வீட்டில் கிடைக்கும்?

லீவில் வருகிறவர்கள் கையில் அவர் புதுக் கேசட் கொடுத்தனுப்புவார், ஏதாவது சேர்த்திருப்பார். ஒருமுறை அவர் புதிதாகச் சேர்த்ததும் என் மேல் கேசட்டும் மோதிக்கொண்டு, சித்தேரியில் புளி வாங்கினால் விற்கிறவனே நமக்குப் பணம் கொடுத்தான். மாமாவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. நான் வரிகளைப் பார்த்துச் சரிசெய்தேன். தப்பு கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் திருத்த முடிந்தது. மேல் கேசட் ஒழுங்காக வேலை செய்யும்போதுதான் ஆபத்து என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கணவர் சவுதிக்குப் போனதே தங்கைகளுக்காக; அவர்கள் இருவருக்கும் கல்யாணம் முடிந்திருந்தது. இனி அவர் வந்துவிடுவார் என்று நான் உள்ளுக்குள் காத்திருந்தேன். அந்தச் சமயத்தில் ஒரு புதுக் கேசட் வந்தது. அதன் மேல் என்னுடையதை ஏற்றினேன். எந்த மோதலும் இல்லை, மாமா வழக்கம்போல ஆடினார். சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது. எங்கள் வீட்டில் வருகிற கடிதத்தைக் கூடத்தில் எல்லோருக்கும் வாசிப்பதுதான் வழக்கம். மாமா வாசித்தார். வேலைக் கான்ட்ராக்டில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். பாஸ்போர்ட் கம்பெனியில் இருக்கிறதாம், இடையில் லீவும் இல்லையாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று எனக்கு அப்படி ஒரு கோபம். பதில் கடிதம் எழுதுகிறவள் நான்தான். கிணற்றுத் தண்ணீர், மாமாவின் முட்டிவலி என்று எழுதிவிட்டு, எனக்கென்று ஒரு வரிகூடச் சேர்க்காமல் மூடி ஒட்டினேன்.

பிறகு ஒரு நாள் டேப்ரிக்கார்டர் என் மேல் கேசட்டின் நாடாவை மென்று துப்பியது. மாமா பென்னாகரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பொழுது போகாமல், கணவர் கடைசியாக அனுப்பிய கேசட்டை மட்டும் ஏற்றி விளையாடினேன். அந்த அசட்டு விலையில் ஜெயிப்பது ரொம்பச் சுலபம். எண் வருகிற இடத்தில் எழுத்து வந்தது.

'கான்ட்ராக்ட் முடியுது. வூட்டுக்கே வந்துடட்டுமா? அத்தா என்ன சொல்வாரோன்னு பயமா இருக்கு. நீ வான்னு எழுது, வந்துடறேன்.'

வீட்டில் என்னைத் தவிர யாராலும் வாசிக்க முடியாத ஒரே இடத்தில் எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியின் மேல்தான் நான் மாமாவின் லாபத்தைப் போட்டு மூடியிருந்தேன். கேட்பதற்கு உங்களுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று டி.வி.யைப் பார்த்துத் திட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து என்னையும் திட்டிக்கொண்டேன்.

மாமா திரும்பியதும், சவுதிக்கு அவசரமாகப் பேச வேண்டும் என்று மட்டும் சொல்லித் தபாலாபீசுக்குக் கூட்டிப்போனேன். டிரங்க் கால் கிடைக்க மத்தியானமாகிவிட்டது. கத்தினால்தான் அந்தப் பக்கம் கேட்கும். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

"நீங்க கேட்டத இப்பத்தான் பாத்தேன். வந்துடுங்க."

 படித்துவிட்டும் நான் பதில் எழுதவில்லை என்று நினைத்துத்தான் அவர் கையெழுத்துப் போட்டாராம். விலை தப்பாக இருந்ததால் மேலே வேறு வரி போட்டிருந்தேன் என்று சொன்னேன்.

"தப்புன்னு எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

கையெழுத்தை மாற்ற முடியாது என்றார். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

வெளியே வந்ததும் மாமா என்ன விஷயம் என்று கேட்டார். இதற்கு மேல் மூடிவைக்க எனக்குத் தெம்பில்லை. அவர் அப்போதே வரட்டுமா என்று கேட்டதையும், அத்தா நீங்கள் என்ன சொல்வீர்களோ என்று பயந்து என்னிடம் கேட்டதையும் சொன்னேன்.

மாமா நடுரோட்டில் நின்றுவிட்டார்.

"நான் எப்பம்மா அவன அங்கயே இருன்னு சொன்னேன்? நீ சின்னப் பொண்ணு, நாலு காசு சேக்கணும்னு ஆசப்படுவியேன்னு நானும் வாயத் தொறக்கல."

நான் அங்கேயே நின்று அழுதேன். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வா போகலாம் என்றார். என் கணவர் வர இன்னும் ஏறக்குறைய இரண்டு வருஷம் இருந்தது.