சங்கத்துச் சீல் வைத்த விடுதலை

கனகவள்ளிக்குக் கல்யாணம் முறிந்து எட்டு வருஷம் ஆகிறது என்று தாராவியில் எங்கள் சந்து முழுக்கத் தெரியும். சர்க்காருக்குத்தான் தெரியவில்லை. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவளும் நானும் ஒரே பை கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறோம். அதிகம் பேசமாட்டாள். ஸிப் தைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. புருஷன் இசக்கி குடித்துவிட்டு அடித்தான். பிறகு பம்பாய்க்கு வெளியே கல்யாண் ஊர்ப் பக்கம் போய்த் தனியாக இருந்துகொண்டான். எங்கள் ஆட்கள் இதற்கெல்லாம் கோர்ட்டுக்குப் போவதில்லை. எங்கள் சாதிச் சங்கத்தில் இரண்டு வீட்டாரையும் உட்காரவைத்து, சீர் சாமானைத் திருப்பிக் கொடுத்து, இனி இவருக்கும் இவளுக்கும் ஒட்டுறவு இல்லை என்று முத்திரைத்தாளில் எழுதி, சங்கத்துச் சீலைக் குத்திவிட்டால் அத்துவிட்டதாக அர்த்தம். அந்தத் தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்ட மாதிரி அன்றைக்கு எல்லோருக்கும் டீ வேறு வாங்கிக் கொடுத்தேன்.

அந்தத் தாளை நம்பி இசக்கி மறுவருஷமே மாரீஸ்வரி என்ற பெண்ணைக் கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்டான். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. அவனை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

கனகவள்ளி கல்யாணம் செய்யப் போனபோதுதான் கேள்வி வந்தது. விக்ரோலியில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் வேல்ராஜ், பெண்டாட்டியை இழந்தவர், இவளைக் கேட்டார். கோயிலில் தாலி கட்டினால் போதும் என்றார். இவள் மசியவில்லை.

“யக்கா, சங்கத்துல எழுதிக்கிட்டு நான் பட்டது போதும். இந்தத் தடவ ரிஜிஸ்டர் பண்ணித்தான் செய்வேன்.”

ரிஜிஸ்டர் ஆபீசில் தாளைப் புரட்டிய குமாஸ்தா, தமிழ் தெரியாது, மராத்தியில் மொழிபெயர்த்துக் கொண்டுவா என்றார். லீவு போட்டு அலைந்து கொண்டுபோனோம். படித்துவிட்டு, இது விவாகரத்தே இல்லை, கோர்ட் ஆர்டர் எங்கே என்றார். அதைத் தமிழில் இருந்தபோதே கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

மாஹிமில் ஆஸியா என்று ஒரு வக்கீலைப் பிடித்தோம். அந்தப் பெண் பொறுமையாக இந்தியில் விளக்கினாள். சங்கத்தில் அத்துவிடுவது உங்கள் ஆட்களின் பழைய வழக்கம் என்று நிரூபித்தால் அந்தத் தாளே செல்லும், ஆனால் சங்கத்தார் வந்து சாட்சி சொல்லவேண்டும், வருஷக்கணக்கில் இழுக்கும். இசக்கி வேறு கல்யாணம் செய்ததைச் சொல்லி அவன்மேல் வழக்குப் போடலாம், அவன் எதிர்த்து நின்றால் அதுவும் இழுக்கும். இருவரும் சம்மதித்து மனுப் போட்டால் ஆறு மாசம், பிரிந்திருந்த வருஷங்களைக் காட்டி அதையும் குறைக்கக் கேட்கலாம். அதற்கு அவன் கையெழுத்து வேண்டும்.

கனகவள்ளி முதல் வழியையே பிடித்துக்கொண்டாள். சங்கச் செயலாளர் பிரம்மநாயகம் அண்ணாச்சியிடம் போனோம்.

“எம்மா, நாங்க நல்லதுக்குப் பேசி முடிச்சோம்” என்றார் அவர். “கோர்ட்டுன்னா சங்கத்து நோட்டெல்லாம் கேப்பான். எத்தனையோ பேருக்கு இதே மாரி எழுதியிருக்கு. எல்லாத்தையும் தோண்டவா?”

“அப்ப அந்தச் சீலு எதுக்கு அண்ணாச்சி?” என்றேன்.

அவர் எழுந்து ஃபேன் சுவிட்சை அணைத்தார். நான் ஒருத்தி சாட்சி சொன்னால் போதாதா என்று ஆஸியாவிடம் கேட்டேன். போதாது என்றாள்.

சம்மதக் கையெழுத்துக் கேட்டு இசக்கிக்கு போன் போட்டேன். “அதான் அன்னைக்கே அத்துவிட்டாச்சுல்லா. இன்னும் அவ எம் பொண்டாட்டின்னு கோர்ட்ல எழுதிக் குடுத்து, ரெண்டு கட்டுனவன்னு நான் உள்ள போவணுமா?” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அப்படியானால் அவன்மேல் வழக்குப் போடு என்று கனகவள்ளியிடம் கத்தினேன். அவள் நூலைக் கோர்த்தபடியே சொன்னாள்.

“போட்டா அந்த மாரீஸ்வரிப் பிள்ளயும் அவ மவளும்லா கோர்ட்ல நிக்கணும். அவங்க எனக்கு என்ன செஞ்சாங்க?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளிடம் சொல்லாமலே மாரீஸ்வரியின் நம்பரைத் தேடிப் பிடித்து, உன் கல்யாணமும் செல்லாது தாயே என்று போட்டு உடைத்துவிட்டேன். நான் செய்தது சரியா என்று அப்புறம்தான் பயம் வந்தது.

பத்தே நாளில் மாரீஸ்வரி, இசக்கியைக் கூட்டிக்கொண்டு ஆஸியாவின் ஆபீசுக்கு வந்தாள். எங்களையும் வரச் சொல்லியிருந்தாள். அவன் கீழேயே நின்றுகொண்டான். அவள் குழந்தையோடு மேலே வந்து கனகவள்ளிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆஸியா சம்மத மனுவை வாசித்து அர்த்தம் சொன்னாள். மனுதாரர்கள் இருவரும் கணவன் மனைவி என்று அது ஆரம்பித்தது.

கனகவள்ளி பேனாவை வைத்துவிட்டாள். “இதுல எப்பிடி யக்கா கையெழுத்துப் போட? எட்டு வருஷமா நான் அவனுக்கு ஒண்ணுமில்லயே.”

அப்படி எழுதாமல் பிரிக்க முடியாது என்றாள் ஆஸியா. மாரீஸ்வரிதான் பேசினாள்.

“போடுங்கக்கா. இதுல நீங்க பொண்டாட்டின்னு போட்டாத்தான், நான் என்னைக்காவது அவருக்குப் பொண்டாட்டி ஆவ முடியும்.”

கனகவள்ளி பேனாவை மறுபடி எடுத்தாள். மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். மாரீஸ்வரி குழந்தையை அவள் மடியில் உட்காரவைத்துவிட்டு, இசக்கியைக் கூட்டிவரப் படியிறங்கிப் போனாள்.