பின்பக்கத்தின் கடைசிக் கட்டம்

ஓட்டுச்சீட்டைக் கையில் வாங்கியதும் வெர்னா முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பாள். இருபது வருஷமாக அப்படித்தான். ஜனாதிபதி, கவர்னர் எல்லாரும் முன்பக்கம். ஊருக்குப் புது வரி வேண்டுமா என்ற கேள்வி பின்பக்கத்தின் அடியில் இருக்கும். ‘வேண்டாம்’ என்ற கட்டத்தை அழுத்தி நிரப்பிய பிறகுதான் மற்றவர்களைக் கவனிப்பாள். ஓட்டுப் போட்டதற்குக் கொடுக்கும் ஸ்டிக்கரைச் சாப்பாட்டுப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிக்கொள்வாள்.

ஒஹாயோவில் மார்லோ ஃபோர்க் சின்ன ஊர். கண்ணாடித் தொழிற்சாலை மூடியபின் நெடுஞ்சாலையோரம் பெரிய சரக்குக் கிடங்கு ஒன்று வந்தது. வேலை தருகிறார்களே என்று, ஊர் நிர்வாகத்தில் பதினைந்து வருஷத்துக்குச் சொத்துவரி வேண்டாம் என எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வெர்னா அங்கேதான் பெட்டி ஒட்டினாள். அவள் கணவன் லைல் கண்ணாடி உலையில் இருபத்தாறு வருஷம் நின்றவன். நுரையீரல் கெட்டு வீட்டில் இருந்தான். கிடங்கு கட்டாத வரி வீடுகளின் தலையில் விழுந்தது. ஆம்புலன்ஸ் நிலையத்துக்காக வீட்டுக்கு வருஷம் எண்பது டாலர் கூடுதல் வரி கேட்டு ஓட்டெடுப்பு வந்தபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆம்புலன்ஸ் ஓட்டும் டென்னி வீடு வீடாக வந்து கேட்டான்.

“காபி வேணும்னா தரேன் டென்னி. ஓட்டு மட்டும் கேக்காதீங்க.”

“இந்தத் தடவை தோத்தா நிலையத்தை மூடிருவாங்க வெர்னா.”

“போன தடவையும் இதேதான் சொன்னீங்க. அந்தக் கிடங்குக்காரன்கிட்ட கேளுங்களேன். அவன் கூரைமேல நம்ம ஊரையே தூக்கி வைக்கலாம். சல்லிக்காசு கட்டறானா?”

“அவன்கிட்ட கேக்க எனக்கு வழியில்ல. உங்ககிட்டதான் கேக்க முடியும்.”

லைல் நாற்காலியிலிருந்து சிரித்தான். “எனக்கு ஏதாச்சும் ஆனா இவளே தூக்கி வண்டியில போட்டுக்கிட்டுப் போயிருவா. நீ போப்பா.”

வெர்னா வாசலில் ‘வரி வேண்டாம்’ அட்டை நட்டாள். கிடங்கில் ஒவ்வொருத்தியிடமும் பேசினாள். பதினோரு ஓட்டில் வரி தோற்றது. மறுநாள் சாப்பாட்டு வேளையில் எல்லாருக்கும் டோனட் வாங்கிக் கொடுத்தாள். புத்தாண்டோடு நிலையத்தை மூடினார்கள்.

பிப்ரவரியில் ஒரு காலை, லைல் அடுப்பங்கரையில் சரிந்தான். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. அவனை வண்டிவரை இழுத்துப் பார்த்தாள். கனத்த உடம்பு, கதவு நிலையைக்கூடத் தாண்ட முடியவில்லை. முப்பது மைல் தள்ளி இருந்த நிலையத்திலிருந்து, பனி உறைந்த சாலையில், ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிஷம் ஆயிற்று. அதுவரை சன்னல் வழியே, தெருக்கோடியில் மூடிக்கிடந்த நிலையத்தின் ஷட்டர் அவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

வண்டியிலிருந்து இறங்கியவன் டென்னி. இப்போது அவனுக்கு அங்கேதான் வேலை. கூட வந்தவனோடு சேர்ந்து லைலைத் தூக்கினான்.

“ஏதாவது சொல்லித் தொலைங்களேன் டென்னி.”

“கதவைப் பிடிங்க வெர்னா.”

அடுத்த நவம்பரில் அதே வரி மறுபடி ஓட்டுக்கு வந்தது. வெர்னா சீட்டைத் திருப்பி ‘வேண்டும்’ என்பதை நிரப்பினாள். முன்பக்கத்தில், வரியெல்லாம் குறைப்பேன் என்றவனுக்கே பழையபடி போட்டாள். அவளுடைய கோபமெல்லாம் கிடங்கின்மேல்தான். சீட்டில் அதன் பேர் எங்கும் இல்லை.

வெளியே வரும்போது, அவளோடு பெட்டி ஒட்டும் ராக்ஸி பின்னாலேயே வந்தாள்.

“என்னடி, இந்த வருஷம் உன் வாசல்ல அட்டையைக் காணோம்? நான் கரெக்டா ‘வேண்டாம்’ போட்டுட்டேன். நீ சொல்லிக் குடுத்ததாச்சே!”

வெர்னா தலையாட்டினாள். ஸ்டிக்கரை எடுக்காமலே நடந்தாள். வரி அறுபது ஓட்டில் தோற்றது.

லைலுக்கு வலது கை வராது. அவள் பேரில் பாதிதான் அவன் வாயில் வருகிறது. கிடங்கு வரி கட்ட இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. ஆம்புலன்ஸ் முப்பது மைல் தள்ளித்தான் நிற்கிறது.