நகராத வண்டிக்கு ஒரு பூசை

கற்பூரமும் என்ஜின் எண்ணெயும் கலந்த வாசனை மாடிவரை ஏறி வந்தது. பிரிக்பீல்ட்ஸில் என் அடுக்ககத்துக்குக் கீழே இருக்கும் பட்டறையில் காலையிலேயே ஆயுத பூசையை ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வாசனை வந்தால் எனக்கு அப்பாவின் காக்கிச் சட்டைதான். ரயிலில் கரி அள்ளிப் போடும் பயர்மேனாக இருந்து, பிறகு டீசல் வண்டி ஓட்டியவர். நான் பிறப்பதற்குள் நீராவிக் காலம் முடிந்துவிட்டது. அப்பாவின் நீராவி என்ஜின் ஓடுவதைப் பார்த்தவர் அண்ணன் மட்டும்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் நின்றுபோன என்ஜின். கிள்ளானைத் தாண்டி ஒரு சிற்றூர், அங்கே ஒரு சின்ன அருங்காட்சியகம், அதன் வாசலில் எங்கேயும் போகாத இரண்டு துண்டுத் தண்டவாளம்.

அப்பா இறந்த பிறகு ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் அண்ணனும் நானும் அங்கே போவோம். இனி அதுவும் இல்லை. அண்ணி இறந்த பிறகு அந்த வீட்டில் இருக்க முடியாமல் அண்ணன் கிள்ளான் வீட்டை விற்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மெல்பர்னுக்கு, மகளிடம், ஒரேயடியாக. எனக்கு இங்கே வேறு யாரும் இல்லை. முக்கியமாக ஒன்று சொல்லவேண்டும் என்று முதல்நாளே போனில் சொல்லி வைத்திருந்தேன். போகாதே என்பதுதான் அது. கொம்யூட்டர் ரயிலில் உட்கார்ந்து, சுபாங் ஜெயா வருவதற்குள் அந்த ஒரு சொல்லை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கெஞ்சலாக, கோபமாக, சும்மா பேச்சோடு பேச்சாக. ஜன்னலில் தொழிற்சாலைக் கூரைகள், மேம்பாலம், மறுபடியும் கூரைகள்.

கிள்ளான் நிலையத்தில் அண்ணன் காரோடு நின்றிருந்தார்.

"ஏன் பாப்பா இவ்ளோ லேட்டு? அப்பாவா இருந்தா விட்டுட்டுப் போயிருப்பாரு."

ஐம்பதைத் தாண்டியும் அவருக்கு நான் பாப்பாதான்.

அருங்காட்சியக வாசலில் என்ஜினுக்குப் பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். மோந்து பார்த்தால் பெயின்ட் வாசனை மட்டுமே. அண்ணன் அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, முன்சக்கரங்களுக்கு முன்னால் தண்டவாளத்தில் எலுமிச்சம்பழம் வைத்தார். அந்தக் காலத்து என்ஜின் கொட்டகையில் பூசை முடிந்ததும் டிரைவர் வண்டியை மெல்ல நகர்த்தி அதை நசுக்குவாராம். அதற்குப் பிறகுதான் வேலைக்குப் போகுமாம்.

மலாய்க்காரக் காவலாளி வருடா வருடம் எங்களைப் பார்ப்பவர். பழத்துக்கு என்ன வேலை என்று வருடா வருடம் மலாயில் கேட்பவர்.

"வண்டிக்கு ரோடு டேக்ஸ் முடிஞ்சிருச்சு பாஸ். இதான் புதுசு" என்று அண்ணனும் மலாயிலேயே சொன்னார். காவலாளி சிரித்தபடி நிழலுக்குத் திரும்பினார்.

கற்பூரம் காட்டியதும், "தள்ளி நில்லு பாப்பா" என்று அண்ணன் என் முழங்கையைப் பிடித்துத் தண்டவாளத்தை விட்டு இழுத்தார். தானும் பின்வாங்கி, டிரைவர் நிற்கும் இடத்தை அண்ணாந்து பார்த்தார். எப்போதும் இப்படித்தான். நகரப்போகிறது என்றே நிற்பார். "எங்கண்ணே ஓடப் போவுது?" என்று நான் சிரிப்பேன். இந்த முறை சிரிக்கவில்லை. அவர் காதில் ஏதோ விசில் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கேட்டது நெடுஞ்சாலை லோரிகள். ஞாயிற்றுக்கிழமை அந்த விசிலும் விமானம் ஏறிவிடும்.

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் குனிந்து என்ஜினின் அடிவயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மேலதான் பளபளப்பு. கீழ பாரு, பூரா துரு. எனக்கும் அந்த வீட்டுல அப்பிடித்தான் இருந்திச்சு, பாப்பா."

வெகுநாளைக்குப் பிறகு அவர் முகம் இலேசாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

நிலையத்தில் என்னை இறக்கிவிடும்போது தூறல் போட்டது. கண்ணாடியை இறக்கி, "என்னமோ சொல்லணும்னியே?" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணே. அங்க குளிராம். காதை மூடிக்க."

"சரி சரி. நீ கேஸை மூடிட்டுப் படு."