நடைக்காரர் எங்கள் வீட்டு மனிதர்

"அக்கா, நம்ம தாத்தா நிஜமாவே கழுத்தை நெரிப்பாரா?"

இப்படிக் கேட்டது சித்தியின் மகள். அவள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் யாரோ அவளைக் 'கொலைகாரப் பேயோட பேத்தி' என்று சொல்லியிருக்கிறார்கள். "போய்ச் சாப்பிடுடி" என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

எங்கள் ஊர் ஒரு காலத்தில் கைதிகளைக் கொண்டுவந்து குடிவைத்த இடம். சிறை மூடிப் பல காலம் ஆகிவிட்டது. இப்போது வெளியூர்க்காரர்கள் பேய்க்கதை கேட்க வருகிறார்கள். அவர்களுக்கு மிகவும் பிடித்த பேய், இருட்டறைக்குள் ஓயாமல் நடக்கும் நடைக்காரர். அவர் சித்தப்பாவுடைய தாத்தாவின் அப்பா. அவர் கதையைச் சொல்லும் வழிகாட்டி என் சித்தி.

சித்தி குள்ளம். குரல் மட்டும் ஆளைவிட உயரம். கூட்டத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து பேசுவார். ஒரு படியில்கூடத் தடுக்கி விழுந்ததில்லை. "வீட்டுல நான் பேசினா ஒருத்தரும் காதுல வாங்கறதில்ல. அங்க டிக்கெட் வாங்கிட்டு வந்து கேக்கறாங்க" என்பார். சித்தப்பாவுக்கு முதுகில் அடிபட்டதிலிருந்து அந்த வீடு சித்தியின் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

அப்படியிருக்கும்போதுதான் சிறைச் சுற்றுலாவுக்குப் புது மேலாளர் வந்தார். கதையில் பயம் பத்தவில்லை என்றார். நடைக்காரர் காவலர்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றவர், இன்னும் ஒரு கழுத்தைத் தேடித்தான் நடக்கிறார் என்று புதுக்கதை கட்டினார். சிறை வாசலில் அதையே எழுதிப் பலகையும் வைத்துவிட்டார். சித்தி மட்டும் அதைச் சொல்லவில்லை. "இந்த வாரத்துக்குள்ள சொல்லப் பழகிக்கங்க. இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றார் மேலாளர்.

சித்தப்பாவுக்குக் கவலை. "சொல்லிட்டுப் போயேன். செத்தவரு எழுந்து வந்து கேக்கவா போறாரு?"

"அவர் கேக்கமாட்டாரு. உங்க பொண்ணு கேப்பா" என்றார் சித்தி.

அந்த வாரமே ஒரு மத்தியானம், சுற்றுலா ஏஜெண்டுகள் சிலரை மேலாளர் அழைத்து வந்தார். படிப்பு முடிந்து வீட்டில் இருக்கப் பிடிக்காமல் திரிந்துகொண்டிருந்த நானும் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டேன். சித்திக்குத் தெரியாமல் மேலாளர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். இருட்டறைக்குள் முகமூடி போட்ட ஓர் ஆளை ஒளித்து வைத்திருந்தார். கதவு திறந்ததும் அவன் பாய வேண்டும்.

எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று அவருக்குத் தெரியாது. சிறை மூடிய பிறகு அந்த அறைகளில்தான் எங்கள் குடும்பங்கள் குடியிருந்தன. ஓர் இரும்புக் கதவுக்குப் பின்னால் யார் சமையலறை, யார் படுக்கை என்று சொல்ல முடியாது. அதனால் எந்த இரும்புக் கதவாக இருந்தாலும் தட்டிவிட்டுத்தான் திறப்போம். முகமூடிக்குள் இருந்தவனும் வெளியூரான் இல்லை. எங்கள் அறை வரிசையில் பிறந்து வளர்ந்த பையன்; கொக்கு என்றுதான் கூப்பிடுவோம்.

சித்தி வழக்கம்போலக் கதவைத் தட்டினார்.

"யாரு? வாங்க, தெறந்துதான் இருக்கு!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

ஏஜெண்டுகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொக்கு முகமூடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, "பழக்கதோஷம்க்கா" என்று தலையைச் சொறிந்தான். மேலாளர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சித்தியும் சேர்ந்து திட்டம் போட்டதாகவே அவர் நினைத்திருப்பார். சித்தியின் வேலை போய்விட்டது என்றுதான் நான் முடிவு செய்தேன்.

சித்தி பதறவில்லை. "சிரிச்சு முடிச்சாச்சா? எல்லாரும் உள்ள வாங்க. கொக்கு, நீ எங்கடா போற? நீயும் நில்லு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

வெளியே நல்ல வெயில். உள்ளே என் கையே எனக்குத் தெரியவில்லை. இருட்டில் சித்தியின் குரல் மட்டும் வந்தது.

"இவர் உத்தமர்னு நான் சொல்லல. ஆடு திருடினாரு. காவலரை ஓங்கி அறைஞ்சாரு, அதுக்குத்தான் இந்த அறை. ஆனா யாரையும் கொல்லல. பக்கத்து அறையில இன்னொருத்தர் இருந்தாரு. தனியாக் கெடந்து கெடந்து, புத்தி பேதலிக்கிற நெலைமை. பேசினா அடி விழும். அதனால இவர் நடந்தாரு. தரை அதிர நடந்தாரு. இந்தப் பக்கமும் ஒரு மனுஷன் இருக்கான்னு அவருக்குத் தெரியணும்ல? கால் வீங்கியும் நிறுத்தல. விடுதலையானதும் அந்தப் பக்கத்து அறைக்காரர் தன் பொண்ணை இவருக்குத்தான் கட்டிக் குடுத்தாரு. அந்த வம்சத்துலதான் நான் வாக்கப்பட்டிருக்கேன். பேய்னா பேயாவே இருக்கட்டும். அது எங்க வீட்டுப் பேய்."

யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கொக்குதான் என்று பிறகு தெரிந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, ஆனால் அது பயம் இல்லை. இவர் என் சித்தி என்று அங்கேயே எல்லாரிடமும் கத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

ஓர் ஏஜெண்ட் அம்மா மெல்லக் கேட்டார். "நான் பக்கத்து அறையில போய் நிக்கறேன். நீங்க நடக்கறீங்களா?"

சித்தி நடந்தார். முதலில் அந்த அம்மா, பிறகு ஒவ்வொருவராகப் பக்கத்து அறைக்குள் போய்ச் சுவரில் காதை வைத்துக் கேட்டார்கள். கடைசியில் அவர்கள் வற்புறுத்தி மேலாளரையும் அனுப்பினார்கள். வெளியே வந்தவர், "கேக்குது" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் முகமூடி இல்லை. சித்தியின் வேலையும் போகவில்லை. அவர் அறிந்த கதையையே சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பக்கத்து அறையில் நின்று காலடி கேட்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

ஆனால் வாசலில் உள்ள பலகையை மேலாளர் இன்னும் மாற்றவில்லை. மற்ற வழிகாட்டிகள் கழுத்தை நெரிக்கும் கதையைத்தான் சொல்கிறார்கள். பலகையைப் படித்துவிட்டுப் போனவர்கள் ஏராளம். சித்தியின் குரல் எவ்வளவு பெரிதென்றாலும் அவர்கள் ஊர்வரை எட்டாது. அதனால்தான் இதை எழுதினேன். நடைக்காரர் கதையை யாராவது உங்களிடம் சொன்னால், அவர் யாருக்காக நடந்தார் என்று நீங்கள் அவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்களையும் நாலு பேருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.