மாட்டுப்பட்டியில் கிடைத்த அம்மி

முப்பது வருடம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பித்தவன் நான். குளம் கட்டிய ராஜாக்கள், கோட்டை கட்டிய வெள்ளைக்காரர்கள், கோப்பி செத்துத் தேயிலை வந்த கதை எல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தத் தேயிலையை நட்டவர்கள் யார் என்று பாடப்புத்தகத்தில் தேடினால் அரைப் பக்கம் வரும். அதிலும் பாதி படம். கூடையோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். அட்டை கடிக்கக் கடிக்க மழையில் கொழுந்தெடுக்கிறவள் யாரைப் பார்த்து அப்படிச் சிரிக்கிறாள் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. நானாகவும் எடுத்துப் பேசியதில்லை. பரீட்சைக்கு வராத விஷயம் பாருங்கள்.

ஓய்வு பெற்று அட்டனில் வீட்டோடு கிடந்தபோது, நான் பிறந்த தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. கொழும்பிலிருந்து ஒரு பேராசிரியை அம்மா அகழாய்வு செய்ய வருகிறாராம், மொழிபெயர்க்க ஆள் வேண்டுமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் மலையில் எந்த ராஜா ஒளிந்திருந்தானோ என்று யோசித்தபடியே டயகம பஸ் ஏறினேன். போய் இறங்கி, எங்கே தோண்டப் போகிறீர்கள் என்று கேட்டேன். பழைய லயத்துக் குப்பைமேட்டை என்றார்.

பழைய லயம் என்றால் நாங்கள் பிறந்த லயம். முதுகோடு முதுகு ஒட்டிய பன்னிரண்டு காம்பரா, ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, கூரை உக்கிவிட்டது, தற்காலிகமாக மேல் லயத்துக்குப் போங்கள், ஆறு மாதத்தில் புதிது கட்டித் தருகிறோம் என்று நிர்வாகம் சொன்னது. தகரத்தைக் கழற்றினார்கள், கல்லையும் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. எனக்குத் தலை நரைத்து, பென்ஷனும் வந்துவிட்டது. என் அக்கா அன்றைக்குத் தலையில் சட்டிபானை சுமந்துகொண்டு ஏறிய அதே தற்காலிகக் காம்பராவில்தான் கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, புருஷனைப் பறிகொடுத்து, கொழுந்தெடுத்து ஓய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். தகரம் காற்றில் பறக்காமல் இருக்க மேலே கல் ஏற்றி வைத்திருக்கிறாள். மழை வந்தால் எந்த இடத்தில் எந்தச் சட்டியை வைக்க வேண்டும் என்று அவளுக்கு மனப்பாடம்.

பேராசிரியை அம்மா வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஆளுக்கு ஏழு பேர்ச் காணியும் வீடும் தருவதாக அறிவித்திருந்தார்கள். அக்கா பழைய லயத்து நிலத்தைக் கேட்டாள். சமதரை, மலை ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலி பக்கம், ரோட்டுக்கு நாலு எட்டு. நிர்வாகம் காட்டியதோ அஞ்சாம் நம்பர் மலைக்குக் கீழே ஒரு சரிவு. ஆடுகூட அங்கே யோசித்துத்தான் கால் வைக்கும். அக்கா விடவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். தோட்டத்தை நடத்தும் தொரை வரைபடத்தை விரித்து வைத்தார். அங்கே லயமே இருந்ததில்லை, மாட்டுப்பட்டிதான் இருந்தது என்றார். என் கண்ணாலேயே பார்த்தேன். எங்கள் வாசல் இருந்த இடத்தில் மாட்டுப்பட்டி என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

"அப்ப எங்கம்மா என்னைய கன்னுக்குட்டியாவா பெத்தாங்க?" என்றாள் அக்கா.

தொரைக்கு அவ்வளவு தமிழ் தெரியாது. சிரித்தார். காணிக் காரியாலயத்திலும் கேட்டோம். அங்கே குடியிருந்ததற்கு அத்தாட்சி கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றார்கள். குடியிருந்தவள் முன்னால் நிற்கிறாள். அவள் அத்தாட்சி இல்லையாம்.

அந்த நேரத்தில்தான் பேராசிரியை அம்மா வந்தார். அக்கா முகம் கழுவி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்து நின்றாள். "கடவுளாப் பாத்து அனுப்பிவச்சிருக்காரு தம்பி. நம்ம எடத்தத் தோண்டி எடுத்துக் குடுக்கச் சொல்லு."

அந்த அம்மா நல்ல மனுஷி. சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். எழுத்து இருந்த காலத்திலும் யாரும் எழுதி வைக்காத சனங்கள் இருந்தார்கள். அவர்கள் எறிந்த சாமானைப் பார்த்துத்தான் அவர்கள் வாழ்ந்த விதத்தை அறிய முடியும். அதுதான் வரலாற்றுத் தொல்லியல் என்றார். எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருடமாக என் வாயில் வராத விஷயத்தை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டாரே. அக்காவிடம் சொன்னேன்.

"எறிஞ்சதப் பாக்கணுமா? எறியறதுக்கு எங்ககிட்ட என்னா இருந்துச்சு? கேட்டா நானே சொல்லிட்டுப் போறேன், எதுக்குத் தோண்டணும்?"

இதில் பாதியைத்தான் மொழிபெயர்த்தேன்.

தோண்ட ஆறு ஆம்பிளைகளும், கொழுந்து மலையில் வேலை நின்ற ஏழெட்டுப் பெண்களும் வந்தார்கள். அக்காவும் வந்தாள். அந்த அம்மா கயிறு கட்டி ஒரு சதுரம் பிரித்து, கையளவு கரண்டிகளைக் கொடுத்தார். விரல்கடை விரல்கடையாக மண்ணைச் சுரண்ட வேண்டும், இந்தச் சதுரம் முழு மூன்று கிழமை வேலைக்குக் காணும் என்றார். அன்றைக்குப் பார்த்து அவருக்குத் தலவாக்கலையில் ஏதோ அலுவல். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். போகிற அவசரத்தில் நான் ஆட்களிடம் ஒரே ஒரு வரி சொன்னேன்: "இந்தச் சதுரத்த முடிக்கணும்."

தோட்டத்தில் வேலை என்றால் எப்படி? காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் நிற்க வைத்து, இத்தனை பாகம் கான் வெட்டு என்று கங்காணி அளந்து கொடுப்பார். முடித்தால் பேர் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பத்து மணிக்கு முடித்தாலும் சரிதான். பரம்பரை பரம்பரையாக ரத்தத்தில் ஊறிப்போன கணக்கு இது. இவர்களிடம் போய் ஒரு சதுரத்தைக் காட்டி முடிக்கணும் என்று சொல்லிவிட்டுப் போன வரலாற்று வாத்தியாரை என்னவென்று சொல்வது!

பதினொரு மணிக்குத் திரும்பினோம். கரண்டிகளை வரிசையாகத் துடைத்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் மம்பட்டிகள். நெஞ்சளவு ஆழத்தில் சதுரம் முடிந்திருந்தது. நூல் பிடித்த மாதிரிச் சுவர், அடியை மட்டம் தட்டி, மழைத்தண்ணீர் வடியப் பக்கத்தில் ஒரு கானும் வெட்டியிருந்தார்கள். ஆம்பிளைகள் நிழலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

"அடுத்த குழி எங்கங்க மேடம்? இன்னைக்கே இன்னொன்னு போட்டுறலாம்" என்றார் மூத்தவர்.

அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எந்தச் சாமான் எந்த மண்ணில் எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பதுதானாம் முழு விஷயமும். எல்லாம் போச்சு என்றார். கண் கலங்கிவிட்டது. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. அந்தக் குழியில்தான் இடமும் தயாராக இருந்தது.

அப்போதுதான் பெண்கள் பக்கம் பார்த்தோம். கொழுந்தெடுத்த கை சும்மா இருக்குமா? நிறுவையில் முத்தல் இலை இருக்கிறதா, காம்பு இருக்கிறதா என்று கங்காணியிடம் பேச்சு வாங்கி வாங்கிப் பழகிய கை அது. ஆம்பிளைகள் வெட்டி எறிந்த மண்ணை ஒரு பிடி விடாமல் அலசி, கிடைத்ததையெல்லாம் இடுப்பில் கட்டும் படங்கை விரித்துப் பிரித்து வைத்திருந்தார்கள். பன்னிரண்டு குவியல். கண்ணாடியைக் கண்ணாடியோடும், இரும்பை இரும்போடும் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை. காம்பரா காம்பராவாக வைத்திருந்தார்கள். அக்காதான் மேற்பார்வை.

"இந்த நீலப் பூப்போட்ட தட்டு மூணாம் காம்பராவோடது. அந்த அண்ணி தண்ணி போட்டுட்டு வந்த புருசன் மேல எறிஞ்சது. அவருக்குப் படல, செவுத்துல பட்டுச்சு. இந்தப் போத்தல் ஏழாம் காம்பரா, புள்ளைக்கு இருமல் மருந்து. புள்ள தங்கல. இந்தப் பித்தளப் பொத்தான் மலையில வேல வாங்குற கண்டாக்கையாவோட கோட்டுல இருந்தது. அது எப்படி ஒம்பதாம் காம்பராவுக்கு வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்."

பெண்கள் கூட்டம் கொல்லென்று சிரித்தது. பேராசிரியை அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, இவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுத ஆரம்பித்தார். அன்று பின்னேரம் வரை எழுதினார். மறுநாளும் எழுதினார். பாழாய்ப்போன சதுரத்தைப் பற்றி அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருடம் எத்தனையோ இடத்தில் தோண்டியிருக்கிறேன், உடைத்தவரே வந்து உடைந்ததை அடையாளம் காட்டியது இதுதான் முதல் தடவை என்றார்.

மூன்றாம் நாள் அக்கா பீலியிலிருந்து எட்டு வைத்து எண்ணிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றாள். "இங்க தோண்டச் சொல்லு. மெதுவா."

இந்தத் தடவை கரண்டியால்தான் தோண்டினார்கள். முழங்கையளவு ஆழத்தில் கல் தட்டியது. எங்கள் அம்மாவின் அம்மி. கவிழ்ந்து கிடந்தது, பக்கத்தில் குழவி. மேல் லயத்துக்குத் தூக்கிக்கொண்டு ஏற முடியாமல், ஆறு மாதத்தில் திரும்பி வரத்தானே போகிறோம், அதுவரை எவனும் ஏறி உட்காரக் கூடாது என்று அம்மா வாசலில் குழி தோண்டிக் கவிழ்த்து வைத்தது. நானும்தான் மண் தள்ளினேன். மறந்தே போயிருந்தேன். அக்கா அந்தக் கல்லின் குழிவிலே உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் குந்தியிருந்தாள். அழுதாள். நானும் அழுதேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

மறுநாள் தொரை வேடிக்கை பார்க்க வந்தார். அக்கா அம்மியைக் காட்டி, "மாடு மொளகா அரைக்குமாங்க தொரை?" என்றாள். இதை மட்டும் நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

கண்டதை எழுதித் தருகிறேன் என்று அக்காவிடம் சொன்ன சொல்லைப் பேராசிரியை அம்மா தவறவில்லை. பெரிய அறிக்கை எழுதினார். இந்த இடத்தில் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது என்று எழுதி, எல்லாக் காரியாலயத்துக்கும் அனுப்பினார். அக்கா லயம் முழுக்கக் கேசரி கிண்டிக் கொடுத்தாள். அடுப்படி எந்தப் பக்கம் வர வேண்டும், அம்மியை எங்கே போட வேண்டும் என்று என்னிடம் போனில் தினமும் பேசினாள். அம்மி கொழும்புக்குப் போயிருந்தது. பரிசோதனை முடிந்து வந்துவிடும் என்று நான்தான் சொல்லி வைத்தேன்.

நாலைந்து மாதம் கழித்துக் காணிக் காரியாலயத்திலிருந்து கடிதம் வந்தது. அக்கா கையில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். நான் வாசித்தேன். அந்த நிலம் வரலாற்றுப் பெறுமதி வாய்ந்த இடமாக அடையாளம் காணப்பட்டுள்ளதால், அங்கே கட்டடம் கட்டவோ, குழி தோண்டவோ, குடியிருக்கவோ அனுமதியில்லை. விண்ணப்பதாரருக்கு அஞ்சாம் நம்பர் மலைச் சரிவில் காணி வழங்கப்படும்.

"இன்னொருக்கா வாசி" என்றாள் அக்கா. வாசித்தேன்.

"இருந்தோம்னு காட்டலன்னா எடம் இல்லன்னாங்க."

"ஆமாக்கா."

"காட்டியாச்சு. அதனால எடம் இல்ல."

"ஆமாக்கா."

பேராசிரியை அம்மாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவரும் அழாத குறை. நல்லதுக்குத்தானே எழுதினேன், இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை, மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றார். இன்னமும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். அம்மியைக் கேட்டேன். அதற்கு நம்பர் போட்டுவிட்டார்களாம், இனி வெளியே எடுக்க முடியாதாம். லயத்தைப் பிரித்த அன்றைக்கு அதன் கல்லை ஏற்றிப்போக மட்டும் ஒரே ஒரு லொறி போதுமாக இருந்தது, நம்பர் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நிலத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். தோட்டத்துப் பங்களாவில் தங்கிச் சுற்றிப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களைத் தொரை இப்போது அங்கே கூட்டிப்போய்க் காட்டுகிறாராம். இங்கே எங்கள் தொழிலாளர்கள் எவ்வளவு எளிமையாக வாழ்ந்தார்கள் தெரியுமா என்று உருகுகிறாராம். மாட்டுப்பட்டி எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போனேன். காம்பராவுக்குப் பின்னால் குனிந்து கானைத் துழாவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு உரச்சாக்கு, பாதி நிறைந்திருந்தது. உடைந்த கோப்பை, வளையல் துண்டு, பல்லுப்போன சீப்பு, துருப்பிடித்த விளக்கு மூடி.

"என்னாக்கா பண்ற?"

"பாத்தா தெரியல? பொறுக்குறேன். பொழுது சாயறதுக்குள்ள ஆத்துல கொண்டு போடணும்."

"எதுக்கு?"

நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அந்தச் சரிவுல என்னால ஏறி எறங்க முடியாது தம்பி. எனக்குன்னு மிஞ்சியிருக்கறது இந்த ஒழுகுற காம்பராதான். நாளைக்கு இன்னொரு அம்மா கரண்டி எடுத்துக்கிட்டு வந்து, இங்கயும் நாம இருந்தோம்னு கண்டுபிடிச்சிட்டா? இதுக்கும் வேலி போட்டுருவாங்களே!"

சொல்லிவிட்டு மறுபடி குனிந்தாள். முப்பது வருடம் வரலாறு படிப்பித்தவன் நான். அக்கா சொன்னதில் ஒரு பிழை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கானில் இறங்கினேன். காலடியில் ஒரு சிலேட்டுத் துண்டு தட்டுப்பட்டது. கழுவினேன். மரச்சட்டம் போன மூலையில், ஆணியால் கீறிய என் பெயரின் முதலெழுத்து.

"என்னாது அது?" என்றாள் அக்கா.

"ஒன்னுமில்ல" என்று சாக்கில் போட்டேன்.